றோசம்மாவின் இரண்டு படங்கள்

எழுவைதீவு
14.11.1989

அன்புள்ள தம்பி எமிலியானுஸ்,

நாங்கள் சுகம். வழக்கமாக எழுதுகிற சுகம் அல்ல. இம்முறை உண்மையாகவே சுகம்.

தங்கச்சி படுத்து நித்திரை கொள்கிறாள். உனக்கு இது ஒரு செய்தியாகத் தெரியாது. நீ லீட்ஸுக்குப் படிக்கப் போன பிறகு றோசம்மாவின் தொய்வு கூடிக்கொண்டே வந்தது. மாரி தொடங்கினால் அவளுக்குப் பாய் இல்லை. கதிரையில் இருந்து, தலையணையை மடியில் வைத்து, அதன் மேல் கவிழ்ந்தபடி மூச்சை இழுத்துக்கொண்டிருப்பாள். இந்த ஐப்பசியில் உதடு நீலம் பாரித்துவிட்டது. லோஞ்சில் கடல் தாண்டி ஊர்காவற்றுறைக்கும் அங்கிருந்து பஸ்ஸில் யாழ்ப்பாணத்துக்கும் கொண்டுபோனேன். கிளினிக் டொக்டர் சிறிய வெள்ளைக் குளிசை எழுதித் தந்தார். பிறெட்னிசலோன் என்று பெயர். இரண்டாம் நாள் பாயில் படுத்தாள். அதற்கு அடுத்த நாள் என்னோடு சண்டை பிடித்தாள். "கருவாட்டுக்கு உப்புக் காணாது அக்கா, நீ என்னத்தைப் பாத்துக்கொண்டு நிண்டனி?" சண்டை பிடிக்க மூச்சு வேண்டும். நான் திரும்பி நின்று அழுதேன்.

ஒரு குறைதான். முகம் ஊதுகிறது. அங்கே இருக்கிற பிலிப்புவின் கலியாணச் சம்பந்தத்துக்கு நீ கேட்ட படம் இத்துடன் இருக்கிறது. பார். ஸ்ரூடியோக்காரன் வெளிச்சத்தை எப்படித் திருப்பியும் சரிவரவில்லை. "பணியாரத்துக்குச் சீலை சுத்தின மாதிரி இருக்கிறன்" என்று அவளே சிரிக்கிறாள்.

செபஸ்தியம்மா மாமி வந்து பயமுறுத்திவிட்டுப் போகிறா. "உது ஸ்டீரோயிட் பிள்ளை. நஞ்சு. எலும்பைத் தின்னும்." நீ இந்தச் சாமானைத்தானே அங்கே படிக்கிறாய்? இத்தனை வருடத்தில் என்ன படிக்கிறாய் என்று ஒரு வரி எழுதவில்லை. இப்போதாவது எழுது. அந்தக் குளிசை உள்ளே போய் என்ன செய்கிறது? எட்டாம் வகுப்புப் படித்தவளுக்கு விளங்கும்படி எழுது.

அக்கா,
மரியநாயகி


லீட்ஸ்
9.12.1989

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதமும் படமும் கிடைத்தன. செபஸ்தியம்மா மாமிக்குச் சொல்லுங்கள், அது நஞ்சல்ல.

மூச்சுக் குழாயின் உட்புறம் கலங்களால் ஆனது. கலம் என்பது உடம்பின் ஆகச் சிறிய அறை. ஒவ்வோர் அறைக்குள்ளும் ஒரு கரு இருக்கிறது. உடம்பு செய்யவேண்டிய வேலைகளெல்லாம் அந்தக் கருவில் ஒரு நீண்ட இழையில் எழுதப்பட்டிருக்கின்றன. கருவாட்டுத் தூசியோ குளிர்காற்றோ பட்டதும், றோசம்மாவின் குழாய்க் கலங்கள் அந்த எழுத்தில் ஒரு பகுதியைப் படியெடுத்துச் சில புரதங்களைச் செய்கின்றன. "எதிரி வந்துவிட்டான், ஓடிவாருங்கள்" என்று கூப்பிடுவதுதான் அந்தப் புரதங்களின் வேலை. கூப்பாடு கேட்டு இரத்தத்திலிருந்து வேறு கலங்கள் வந்து குவிகின்றன. குழாய் வீங்குகிறது, சளி சுரக்கிறது, காற்றுக்கு வழி இல்லாமல் போகிறது. இதைத்தான் அழற்சி என்கிறோம். உண்மையில் எதிரி என்று ஒருவரும் வரவில்லை. கூப்பாடுதான் வருத்தம்.

குளிசையில் இருப்பது நெய்த்தன்மையான ஒரு சிறிய மூலக்கூறு. கலத்தின் சவ்வும் நெய்த்தன்மை உள்ளது. ஆகவே கதவு தட்டாமல் உள்ளே போய்விடும். உள்ளே ஒரு புரதம் அதற்காகவே காத்திருக்கிறது. ஏற்பி என்பது அதன் பெயர். நான் இங்கே செலவழித்த வருடங்கள் எல்லாம் அந்த ஏற்பியோடுதான். தனியாக இருக்கும்வரை அதை வேறு புரதங்கள் பிடித்து வைத்திருக்கும். மூலக்கூறு வந்து பொருந்தியதும் பிடி விடுபட்டு, ஏற்பி கருவுக்குள் போகிறது, இழையில் தனக்குரிய இடத்தில் அமர்கிறது. அழற்சியை அடக்கும் எழுத்துகளைப் படிக்கச் செய்கிறது. கூப்பிடுகிற எழுத்துகளைப் படிக்க விடாமல் தடுக்கிறது. எப்படித் தடுக்கிறது என்பது இன்னும் சரியாகத் தெரியாது. அதைத்தான் தேடுகிறோம்.

எழுத்தை மாற்றி, புதிய புரதம் செய்து, பழையது தேய்ந்து போகவேண்டும். ஆகவே மணித்தியாலங்கள் பிடிக்கும். விழுங்கியவுடன் மூச்சு வராது.

முகம் ஊதுவதற்கும் இதே ஏற்பிதான் காரணம். கன்னத்துக் கொழுப்புக் கலங்களிலும் அது இருக்கிறது. எது மூச்சுக் குழாய், எது கன்னம் என்று மூலக்கூறுக்குத் தெரியாது.

இது அந்நியப் பொருள் என்றும் பயப்படவேண்டாம். சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் சுரப்பியில், நல்ல தண்ணீர்க் கிணறு போல, இதே மாதிரியான பொருள் தினமும் ஊறுகிறது. குளிசை அதன் நகல்.

படத்தை நத்தார் பண்டிகைக்கு லண்டன் போகும்போது பிலிப்புவின் தமக்கையிடம் கொடுப்பேன்.

தம்பி,
எமிலியானுஸ்


லீட்ஸ்
21.1.1990

அன்புள்ள அக்காவுக்கு,

இதை எழுதாமல் விடலாமா என்று யோசித்தேன். பிறகு வேறு வழியாக உங்கள் காதுக்கு வந்தால் என்னைத்தான் ஏசுவீர்கள்.

பிலிப்புவின் தமக்கை படத்தை யன்னலடிக்குக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தா. "பிள்ளைக்கு ஏதும் நீர் வருத்தமோ? முகம் ஒருமாதிரி அதைச்சுக் கிடக்கு" என்றா. நான் மருந்து என்று சொல்லவில்லை. தொய்வு என்று சொன்னால் அந்த இடத்திலேயே முடிந்துவிடும். படம் சரியாக விழவில்லை என்றேன். "அப்ப வேறை படம் எடுத்து அனுப்பச் சொல்லும் தம்பி, பாப்பம்" என்றா. படத்தைத் திருப்பி என்னிடமே தந்துவிட்டா.

பிலிப்பு நல்லவன். வேலை நிரந்தரம். கலியாணம் முடிந்தால் றோசம்மா மூன்று மாதத்தில் இங்கே வந்துவிடுவாள். இங்கே மூச்சோடு உள்ளே இழுக்கிற மருந்து இருக்கிறது. அதே மருந்து, நேராகக் குழாய்க்கு மட்டும் போகும், முகம் ஊதாது. அதனால்தான் சொல்கிறேன். வேறு நல்ல படம் இருந்தால் அனுப்புங்கள்.

எமிலியானுஸ்


எழுவைதீவு
3.3.1990

தம்பி எமிலியானுஸ் அறிவது,

பிலிப்புவின் ஆட்களை, அந்தக் குருசுமுத்தர் வீட்டு முகங்களை, நான் கரம்பொன் கோயிலில் வரிசையாகப் பார்த்தவள். அந்தத் தமக்கையின் முகத்தில் நீண்டு நிற்கிற நாடி கோயில் வாசலுக்குள் நுழைந்த பிறகுதான் ஆள் நுழைவா. அவ எங்கள் பிள்ளையை யன்னலடிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாவாம்.

தங்கச்சிக்கு வாசித்துக் காட்டினேன். "அவைக்கு முகம்தான் வேணுமெண்டால் முகத்தை மட்டும் கடிதத்துக்கை வைச்சு அனுப்பு. நான் மூச்சோடை இஞ்சை இருக்கிறன்" என்றாள். பகிடி என்று நினைத்தேன். பிறகு கருவாடு பரவப் போனவள், பாதியில் விட்டுவிட்டுக் கண்ணாடிக்கு முன் நின்றாள். அதையும் பார்த்தேன்.

இருபத்தேழு வயது. இந்தத் தீவில் அவளுக்கு ஆள் இல்லை. இருந்த பெடியன்கள் எங்கே என்று உனக்குத் தெரியும். நான் இருக்கும்வரை கதிரைக்குப் பக்கத்தில் நிற்பேன். அதற்குப் பிறகு?

தவக்காலம் தொடங்கிவிட்டது. உயிர்த்த ஞாயிறு கழிய யாழ்ப்பாணம் போய் வேறு படம் எடுப்பேன். அதற்கிடையில் முகம் இறங்கும். நான் பார்த்துக்கொள்கிறேன்.

முதல் படத்தை ஒருவருக்கும் காட்டாதே. கிழித்துப் போடு.

மரியநாயகி


எழுவைதீவு
22.5.1990

அன்புள்ள தம்பி,

படம் இத்துடன். இப்போது அந்த நாடிக்காரி எந்த யன்னலடிக்கும் கொண்டுபோகட்டும்.

பழைய றோசம்மாதானே? கன்னத்து எலும்பு தெரிகிறது. கழுத்து தெரிகிறது. ஸ்ரூடியோக்காரனே, "போன முறை வந்தது இவவின்ரை தமக்கையோ?" என்று கேட்டான். இவள், "இல்லை, என்ரை மாமியார்" என்றாள். வரும் வழியெல்லாம் சிரித்தோம்.

முகம் தானாக இறங்கிவிட்டது. வெயில் காலம், தொய்வும் பெரிதாக இல்லை. கொஞ்சம் சோர்வுதான். சோறு செல்லுதில்லை என்கிறாள். இருந்து எழும்பினால் தலை சுற்றுகிறதாம். சோளகக் காற்று தொடங்கிவிட்டது, மணலை வாரி அடிக்கிறது. யாருக்குத்தான் தலை சுற்றாது?

பதிலைக் கெதியாக எழுது.

அக்கா,
மரியநாயகி


லீட்ஸ்
7.6.1990

அக்கா,

குளிசையை நிறுத்திவிட்டீர்களா?

தானாக இறங்கியது என்று எழுதியிருக்கிறீர்கள். அது தானாக இறங்காது. இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். குளிசை எடுக்கும் ஒருத்திக்கு அந்தக் கன்னம் இருக்க முடியாது. சோர்வு, பசியின்மை, தலைச்சுற்று என்று நீங்கள் எழுதிய மூன்றும் என்னைப் பயப்படுத்துகின்றன.

கவனமாக வாசியுங்கள். வெளியிலிருந்து நகல் வந்துகொண்டிருந்தால், மேலே மூளையிலிருந்து சுரப்பிக்குப் போகும் கட்டளை நின்றுவிடும். பல மாதம் கட்டளை இல்லாவிட்டால் சுரப்பி சுருங்கிவிடும். ஊற்றுக்கண் அடைபட்ட கிணறு அது. குளிசையை நிறுத்திய மறுநாள் ஊறாது. மாதக் கணக்காகும். அதுவரை உடம்பில் இரண்டும் இல்லை. ஒரு காய்ச்சலைக்கூட அவளால் தாங்க ஏலாது. மூச்சுக் குழாய்க் கலங்களில் ஏற்பிகள் வெறுமையாக இருக்கின்றன. கூப்பாட்டைத் தடுக்க ஒன்றும் இல்லை. இந்த மருந்தை நிறுத்துவதென்றால் டொக்டர்தான் சிறிது சிறிதாகக் குறைக்கவேண்டும்.

இந்தக் கடிதம் கிடைத்த அந்த நிமிடமே குளிசையைக் கொடுங்கள். கொடுத்துவிட்டு லோஞ்ச் ஏறுங்கள். டொக்டரிடம் எப்போது நிறுத்தினீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். இன்று ஊர்காவற்றுறைத் தபால் கந்தோருக்குத் தந்தியும் அடிக்கிறேன்.

பிலிப்பு வீட்டார் படத்தைப் பார்த்துவிட்டுச் சம்மதம் சொல்லிவிட்டார்கள். அது இப்போது முக்கியமல்ல.

எமிலியானுஸ்


யாழ்ப்பாணம்
8.10.1990

எமிலியானுஸ்,

கொழும்புக்குப் போகும் ஒரு சிஸ்டரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். முன்பு எழுதிய இரண்டும் உனக்கு வந்து சேர்ந்தனவோ தெரியாது. சேரவில்லை என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

தங்கச்சி ஆனி மாதம் பத்தொன்பதாம் திகதி இறந்துவிட்டாள்.

உன் தந்தி ஊர்காவற்றுறைக் கந்தோரில் கிடந்தது. அந்தக் கிழமைதான் சண்டை மறுபடி தொடங்கியது. கடலில் ஒருவரும் இறங்கக்கூடாது என்று நேவி அறிவித்தது. தந்தியை எங்கள் கரைக்குக் கொண்டுவர ஒரு வள்ளம் இல்லை. எங்களைக் கொண்டுபோகவும் இல்லை.

அவளுக்கு முதலில் காய்ச்சல். சாப்பிட்டதெல்லாம் சத்தி. சோளகம் மணலோடு அடித்தது. மத்தியானம் மூச்சு முட்டத் தொடங்கியது. கதிரையில் இருத்தினேன். தலையணையைக் கொடுத்தேன். அலுமாரியைத் திறந்து குளிசையை எடுத்தேன். ஓம், அலுமாரியில்தான் இருந்தது. மற்றவர்கள் தவக்காலத்துக்கு இறைச்சியை விட்டார்கள், நாங்கள் குளிசையை விட்டோம். அவள் அன்றைக்கே சொன்னாள். "அக்கா, டொக்டர் தன்னைக் கேக்காமல் நிப்பாட்டக் கூடாது எண்டவர்." நான் உன் கடிதத்தை எடுத்து அவளுக்கு வாசித்தேன். நல்ல தண்ணீர்க் கிணறு போல உள்ளேயே ஊறுகிறது என்று நீ எழுதியிருந்தாய். "படிச்சவன் எழுதியிருக்கிறான். வெளியிலை நிப்பாட்டினால் உள்ளை ஊறும்தானே" என்றேன். அவளும் நம்பினாள். அவளுக்கும் அந்தப் படம் வேண்டியிருந்தது.

இரண்டு குளிசை கொடுத்தேன். சத்தி எடுத்தாள். மறுபடி கொடுத்தேன். அது உள்ளே நின்றது. நெஞ்சைத் தடவிக்கொண்டு நின்றேன். அப்போது உன் கடிதத்தின் மற்ற வரியும் ஞாபகம் வந்தது. மணித்தியாலங்கள் பிடிக்கும். கதவு தட்டாமல் உள்ளே போகும், பிடி விடுபடும், கருவுக்குள் போகும், இழையில் அமரும். எல்லாம் எனக்குப் பாடம். அது எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று யோசித்துக்கொண்டு அவள் உதட்டைப் பார்த்தேன். வள்ளங்கள் எல்லாம் கரையில்தான் இழுத்துவைத்துக் கிடந்தன. கதிரையில் இருந்து பார்த்தால் தெரியும் தூரம்.

"அக்கா, காற்று எங்கை போட்டுது?" என்று கேட்டாள். வெளியே காற்று கூரையைப் பிய்த்துக்கொண்டிருந்தது.

வெயில் சாய முன்பு முடிந்துவிட்டது.

உன் கடிதம் ஆவணியில் வந்தது. அது வந்த சில நாட்களில் தீவுகளுக்கு ஆமி வந்தது, நாங்கள் வெளிக்கிட்டோம். இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறேன்.

ஏற்பியைப் பற்றி மூன்று பக்கம் எழுதினாய். நிறுத்தக்கூடாது என்று ஒரு வரி எழுதவில்லை. அந்த நாடிக்காரி சொன்னதை மட்டும் ஒரு சொல் விடாமல் எழுதினாய். அதை எதற்காக எனக்கு எழுதினாய்? நான் வாசித்துவிட்டு மடித்து வைப்பேன் என்றா?

மரியநாயகி


லீட்ஸ்
25.11.1990

அக்காவுக்கு,

உங்கள் மூன்று கடிதங்களில் இது ஒன்றுதான் கிடைத்தது. தங்கச்சி இறந்து ஐந்து மாதம் கழித்து எனக்குத் தெரிகிறது. அதுவரை இங்கே கலியாணத்துக்குக் கோயில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். நான் மருத்துவன் அல்ல. குளிசை என்ன செய்கிறது என்று கேட்டீர்கள், அதை எழுதினேன். எப்படிக் கொடுப்பது, எப்படி நிறுத்துவது என்று நீங்கள் கேட்கவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர் கிளினிக் டொக்டர். அவர் சொல்லியிருக்கிறார், றோசம்மா அதை உங்களுக்கு நினைவூட்டியிருக்கிறாள். இரண்டையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வேறு படம் கேட்டேன். குளிசையை அலுமாரியில் வைத்துப் பூட்டச் சொல்லவில்லை.

படகு ஓடாததையும் எழுதியிருக்கிறீர்கள். படகு ஓடியிருந்தால் பிழைத்திருக்கலாம். ஆனால் அவளைப் படகு தேவைப்படும் நிலைக்குக் கொண்டுவந்தது நேவி அல்ல.

நீங்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் ஒன்றை எழுதுகிறேன். முன்பு தெரியாது என்று எழுதியது இப்போது கொஞ்சம் தெரிகிறது. இந்தப் புரட்டாதியில் சில ஆய்வுகூடங்கள் ஒன்றாக வெளியிட்டிருக்கின்றன. ஏற்பி எப்போதும் இழையில் அமர்ந்துதான் தடுக்கவேண்டும் என்றில்லை. கூப்பிடுகிற எழுத்தைப் படிக்க ஒரு புரதம் வருமே, அதன் கையையே பிடித்துக்கொள்கிறதாம். பிடித்திருக்கும்வரை கூப்பாடு இல்லை. மூலக்கூறு தீர்ந்தால் பிடி விட்டுப் போகும். நாங்கள் இங்கே ஆய்வுக்கு வளர்க்கும் குழாய்க் கலங்களிலும் அப்படித்தான் தெரிகிறது. பேராசிரியர் கைகொடுத்துப் பாராட்டினார். நான் வெளியே போய் நின்றேன்.

பிலிப்பு வீட்டாரிடம் தங்கச்சி காய்ச்சலில் போய்விட்டாள் என்று சொன்னேன். இரக்கப்பட்டார்கள். தைக்கு அவனுக்கு வேறு இடத்தில் பேசியிருக்கிறார்கள். படத்தைத் திருப்பித் தந்துவிட்டார்கள். நல்ல படம். உங்களிடம் ஒன்றும் மிஞ்சவில்லை என்று நினைக்கிறேன். பெரிதாக்கி, சட்டம் போட்டு அனுப்பவா?

எமிலியானுஸ்


யாழ்ப்பாணம்
2.2.1991

எமிலியானுஸ்,

நீ எழுதியதில் பிழை ஒன்றும் இல்லை. உன் கடிதங்களில் எப்போதும் பிழை இருப்பதில்லை.

கேட்காததை எழுதவில்லை என்கிறாய். நாடிக்காரி சொன்னதையும் நான் கேட்கவில்லை.

அலுமாரியை நான் பூட்டவில்லை. அதையும் திருத்திக்கொள். அது திறந்துதான் இருந்தது. அவள் எப்போது வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம். எடுக்காமல் இருந்தாள். ஒவ்வொரு நாளும் காலையில் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "அக்கா, எலும்பு தெரியுதோ?" என்று கேட்பாள். நான், "ஓம், தெரியுது" என்பேன். இதை உன் பேராசிரியருக்குச் சொல்லாதே. அவருக்கு உதவாது.

கையைப் பிடித்திருக்கும்வரை கூப்பாடு இல்லை என்று எழுதியிருந்தாய். அந்த வரியை மட்டும் திரும்பத் திரும்ப வாசித்தேன். கடைசி மட்டும் நானும் அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். உன் ஏற்பிக்கு இருக்கிற பலம் எனக்கு இல்லை.

அவளை எழுவைதீவில் மணலில் வைத்துவிட்டு வந்தோம். குருசு நட்டது. பெயர் எழுதப் பெயின்ற் கிடைக்கவில்லை. திரும்பிப் போக விடுவார்களோ தெரியாது. இந்தப் பள்ளிக்கூடத்தில் எனக்கென்று இருக்கவும் படுக்கவும் ஒரு மர வாங்கும் அதற்கு மேலே ஓர் ஆணியும் இருக்கின்றன. முன்பு யாரோ தேசப்படம் கொழுவிய ஆணி.

அந்தப் படத்தைப் பெரிதாக்க வேண்டாம். சட்டம் போட வேண்டாம். எனக்கு அனுப்பவும் வேண்டாம். அதில் கன்னத்து எலும்பு தெரிகிறது, கழுத்து தெரிகிறது. எல்லோருக்கும் பிடித்த படம். அதில் இருப்பவளுக்கு மருந்து இல்லை.

முதல் படத்தை அனுப்பு. முகம் ஊதின படம். பணியாரத்துக்குச் சீலை சுத்தின படம். அது எடுத்த அன்று அவள் ஸ்ரூடியோப் படியில் ஓடி ஏறினாள். நான்தான் கீழே நின்று மூச்சு வாங்கினேன்.

கிழித்துப் போடச் சொல்லி எழுதியது நான். எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் சின்ன வயதில் இருந்து நான் சொன்ன ஒன்றை நீ கேட்டதில்லை. இதையும் கேட்டிருக்க மாட்டாய்.

மரியநாயகி